நோயாளி வீடு வந்து சேர்ந்த பிறகு...

"இன்றைக்கு டிக்கட் வெட்டுகிறோம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று வாட்டில் சொன்னதும் வீட்டார் எல்லோருடைய முகமும் மலர்ந்துவிடும். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, வாகனம் பிடித்து, நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். புதுவிரிப்பு விரித்தாயிற்று, கஞ்சி காய்ச்சியாயிற்று, சொந்தக்காரர்களுக்கும் செய்தி சொல்லியாயிற்று. இனிப் பயமில்லை என்று எல்லோரும் மூச்சு விடுகிறார்கள்.

சகோதரிகளே, சற்று நிதானித்துப் பாருங்கள். நேற்றுவரை பகலும் இரவுமாகத் தாதிமார் பலர் மாறிமாறிச் செய்துவந்த வேலை, இன்று ஒரேயொரு பெண்ணின் கைக்கு வந்திருக்கிறது. அவள் மனைவியாக இருக்கலாம், மூத்த மகளாக இருக்கலாம், அநேகமான வீடுகளில் மருமகளாக இருக்கலாம். அந்த வேலையை எப்படிச் செய்வது என்று யாரும் அவளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை.

தாதிமார் செய்த வேலை என்றதும் ஊசி போட்டதும் மருந்து கொடுத்ததும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர்கள் அதைவிட அதிகமாகச் செய்த வேலை ஒன்றுண்டு. அவர்கள் நோயாளியைக் கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கணக்கு வைத்துக் காய்ச்சலைப் பார்த்தார்கள், நாடியைப் பார்த்தார்கள், சிறுநீர் போயிற்றா என்று கேட்டார்கள், கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பார்த்ததை எழுதியும் வைத்தார்கள். நிலைமை மாறியதும் டொக்டரை அழைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மருந்து தொடர்கிறது. இந்தக் கண்காணிப்புத்தான் நின்றுவிடுகிறது. வீடு திரும்பிய நோயாளிகள் சிலர் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வருவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டு தாதிமைப் பணிபற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதை அவர் பயிற்சி பெற்ற தாதிகளுக்காக எழுதவில்லை. வீடுகளில் பிறருடைய ஆரோக்கியத்துக்குப் பொறுப்பாக இருக்கும் சாதாரணப் பெண்களுக்காகவே எழுதினார். நமது வரலாற்றிலும் இப்பணிக்கு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப் போரில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் ருபைதா (ரழி) என்ற பெண்மணி அமைத்திருந்த கூடாரத்திலேயே பராமரிக்கப்பட்டார்கள். ஆகவே நோயாளியைப் பார்ப்பது அடுப்படி வேலையோடு சேர்ந்த ஒரு சில்லறை வேலையல்ல. அது ஒரு கலை. அதைக் கற்றுக்கொள்ள முடியும்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படுமுன் நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன வருத்தம், என்ன சத்திர சிகிச்சை, தையல் வெட்டுவது எப்போது, கிளினிக் எப்போது, எந்த மருந்து எத்தனை நாளைக்கு என்பதையெல்லாம் தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம். விளங்கவில்லையென்றால் இரண்டாம் தடவையும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியை நோயாளியின் கட்டிலருகே வையுங்கள். காலையும் மாலையும் திகதி, நேரம், காய்ச்சல், நாடி, மூச்சு, உணவு, சிறுநீர், மலம், கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். டொக்டர் "எப்போதிருந்து காய்ச்சல்?" என்று கேட்கும்போது, "முந்தாநாள் போல இருக்கும்" என்று சொல்வதற்கும் கொப்பியை நீட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

சில கணக்குகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவர்களின் உடல் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். 38 பாகையோ அதற்கு மேலோ போனால் காய்ச்சல். ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை அடிக்கும். மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. இவற்றுள் நாம் ஒருபோதும் எண்ணிப் பார்க்காதது மூச்சுத்தான். ஆனால் நோயாளியின் நிலை மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதும் அதுதான். மூச்சை எண்ணுவதற்குத் தாதிமார் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு தன்னாலேயே மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். நிமிடத்துக்கு 25ஐத் தாண்டினால் தாமதிக்காமல் வைத்திய உதவியை நாடுங்கள்.

சத்திர சிகிச்சை செய்தவர்களுக்கு

பித்தப்பை, ஹேர்னியா, கர்ப்பப்பை, சிசேரியன் என்று வயிற்றில் எந்தச் சத்திர சிகிச்சை நடந்திருந்தாலும் நோயாளிக்கு ஆழமாக மூச்செடுக்கவும் இருமவும் பயமாக இருக்கும். காயம் வலிக்குமல்லவா? அதனால் மேலெழுந்தவாரியாக மூச்சுவிடுவார். சளி நெஞ்சிலேயே தங்கி நியூமோனியாக் காய்ச்சலுக்கு வழிவகுக்கும். இதைத் தடுப்பது எளிது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை பத்து ஆழ்ந்த மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். இருமும்போது ஒரு தலையணையைக் காயத்தின்மேல் வைத்து இரு கைகளாலும் மெல்ல அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலி வெகுவாகக் குறையும்.

"பாவம், படுத்திருக்கட்டும்" என்று அன்பினால் சொல்கிறோம். ஆனால் அசையாமல் படுத்தே கிடந்தால் காலின் உள்நரம்புகளில் இரத்தம் கட்டிபடும். டொக்டர் அனுமதித்தபடி சிறிது சிறிதாக நடக்க வையுங்கள். படுத்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மாத்திரம் வீங்கி, சூடாகி, வலித்தால் கவனம்! நம் வீடுகளில் உடனே எண்ணெய் போட்டு உருவிவிடுவோம். ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். அந்த இரத்தக்கட்டி கழன்று நெஞ்சறைக்குள் போய்ச் சுவாசப்பையின் இரத்தக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சு வலியும் அதன் அடையாளங்கள். சத்திர சிகிச்சை முடிந்து பல வாரங்களுக்குப் பிறகும் இது வரலாம்.

காயத்தைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகளை நன்றாகக் கழுவுங்கள். தையல் ஓரத்தில் முதற் சில நாட்கள் இலேசான சிவப்பு இருப்பது இயல்பு. ஆனால் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, தொட்டால் சூடு, வீக்கம், குறைய வேண்டிய வலி கூடுவது, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கோப்பித் தூள், மஞ்சள், எண்ணெய், பற்பசை எதையும் காயத்தில் பூச வேண்டாம். தையல் பிரிந்து காயம் வாய் திறந்தால், சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு உப்பி, காற்றுப் போகாமல், வாந்தி தொடர்ந்தாலும், பல மணித்தியாலங்களாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அப்படியே.

இன்னொன்று, பத்தியம். "முட்டை கொடுத்தால் காயம் சீழ் பிடிக்கும், மீன் கொடுத்தால் புண் ஆறாது" என்று சொல்லி, நோயாளியை வெறும் கஞ்சியிலேயே வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. காயம் ஆறுவதற்குப் புதிய தசை வளர வேண்டும். அதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, பால் ஆகியவற்றிலிருந்துதான் அது கிடைக்கிறது. சிறுநீரக வருத்தம் போன்றவற்றுக்காக டொக்டர் தடுத்திருந்தாலன்றி, இவற்றைக் காரம் குறைத்து ஆணமாக்கிக் கொடுங்கள்.

வுளூச் செய்யும்போது கட்டு நனைந்துவிடுமே என்று சிலர் தவிப்பார்கள். காயத்தை நனைக்கக்கூடாதவருக்குக் கட்டின்மேல் ஈரக்கையால் தடவுவதற்கும், தேவையானால் தயம்மும் செய்வதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. உங்கள் பகுதி ஆலிமிடம் விபரம் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டை நனைக்காதீர்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு

நமது வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? வீடு திரும்பிய நோயாளிக்குச் சீனி கூடுவதையே எல்லோரும் பயப்படுகிறார்கள். திடீரென்று ஆளை விழுத்துவது சீனி இறங்குவதாகும்.

1922 ஜனவரியில் டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அன்றிலிருந்து எத்தனையோ கோடி உயிர்களை அது காத்திருக்கிறது. ஆனால் அதே ஊசியைப் போட்டுவிட்டு உணவு கொடுக்கத் தவறினால் ஆபத்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குப் பசி குறைவு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பார். ஊசியோ குளிசையோ பழைய அளவிலேயே போகும். வேர்வை, கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பசி, எரிச்சல், தடுமாற்றமான பேச்சு இவையெல்லாம் சீனி இறங்குவதன் அடையாளங்கள். வயதானவர்களிடம் சில வேளை உளறல் மாத்திரமே தெரியும். கண்ணூறு பட்டுவிட்டது என்று ஓதிப்பார்க்க ஆள் அனுப்புவதற்கு முன், விரல் நுனியில் சீனியைப் பாருங்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால், மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடங்களில் திரும்பவும் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். ஏறியதும் சிறிது உணவு கொடுங்கள். பார்க்கும் கருவி இல்லையென்றால் அடையாளங்களை நம்பியே சீனி கொடுக்கலாம். ஆனால் மயங்கிக் கிடப்பவரின் வாயில் ஒரு துளியும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, பாதம். சீனி வருத்தம் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடும். முள் குத்தியதும் தெரியாது, கொதிநீர் சுட்டதும் தெரியாது. ஒவ்வொரு நாளும் இரவில் வாப்பாவின் பாதங்களை வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்குகளையும் குதிகாலையும் விடாதீர்கள். கழுவியபின் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். வுளூச் செய்பவர்கள் ஒரு நாளில் பல தடவை பாதத்தை நனைப்பதால் இது மிக முக்கியம். நகத்தை நேராக வெட்டுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பணியச் சொல்லுங்கள். சிறு கொப்புளம்தானே என்று விட்ட இடத்திலிருந்துதான் விரலையோ காலையோ இழக்கும் கதை தொடங்குகிறது.

மூன்றாவது, நோன்பு. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பது சூரத்துல் பகராவின் 184ஆம் வசனத்தில் தெளிவாக உள்ளது. ஆயினும் "ஊருக்கு முன்னால் நோன்பை விடுவதா?" என்று பெரியவர்கள் வருந்துவார்கள். ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே டொக்டரிடம் கூட்டிப்போய், நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் மருந்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். மருந்தின் நேரத்தை நாமாக மாற்றக்கூடாது. நோன்பு நேரத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே வைத்தியர்களின் அறிவுரை.

படுக்கையில் இருப்பவர்களுக்கு

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டவரைப் பார்ப்பது பொறுமையின் பெரும் பரீட்சை. இங்கே முதல் எதிரி படுக்கைப் புண். ஒரே இடத்தில் உடலின் பாரம் அழுத்தும்போது அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை அழுகிவிடுகிறது. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பு, முழங்கை, பின்தலை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு மாறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். பாரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது பொது விதி. இடது, மல்லாக்க, வலது என்று ஒரு கடதாசியில் நேரத்தோடு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கெண்டைக்காலின் கீழே ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. விரிப்பு சுருங்காமலும் ஈரமில்லாமலும் இருக்கட்டும். நோயாளியை இழுக்காமல், கீழே ஒரு துணி விரித்து இருவராகப் பிடித்து உயர்த்துங்கள். விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு விலகிவிடும்.

சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுத்தபடி கொடுத்தால் சுவாசக்குழாயில் போகும். தண்ணீர் குடித்ததும் இருமினாலோ குரல் கரகரத்தாலோ விழுங்குவதில் குறையிருக்கிறது என்று டொக்டரிடம் சொல்லுங்கள். சாப்பிட்டபின் அரை மணித்தியாலமாவது உட்கார்ந்திருக்கட்டும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்பைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், நிலத்தில் படக்கூடாது.

உடம்பு துடைக்கும்போது உடல் முழுவதையும் திறந்து வைக்காதீர்கள். துப்பட்டியால் மூடி, ஒவ்வொரு பகுதியாகத் திறந்து துடைத்து உடனே மூடுங்கள். தாதிமாரின் முறையும் இதுவே. வாய் பேச முடியாதவருக்கும் வெட்கம் உண்டு.

ஒரு தடவை வந்த பாரிசவாதம் மறுதடவையும் வரலாம். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கைகளையும் தூக்கினால் ஒன்று கீழே விழுகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் ஆரம்பிக்கப்பட்ட இந்த இலவச அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுவதும் உண்டு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, வருத்தம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் பயன் தரும். ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார் என்பதே டொக்டர் கேட்கும் முதற் கேள்வி.

நெஞ்சு வருத்தத்திலும் இதே அவசரம் உண்டு. பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலி பெரிதாகத் தெரியாமலும் இருக்கலாம். மூச்சு முட்டல், குளிர்ந்த வேர்வை, மேல்வயிற்று வலி, தாடை வலி, சொல்ல முடியாத களைப்பு என்று வரும். "வாய்வுதான்" என்று இஞ்சி இடித்துக் கொடுத்துக் காலத்தைப் போக்காதீர்கள். உம்மாமார் தங்கள் வருத்தத்தை மறைப்பதில் கெட்டிக்காரிகள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

மருந்தில் ஒரு பொல்லாத தவறு

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் குடித்த குளிசைகள் அலுமாரியில் இருக்கும். வரும்போது புதிய குளிசைகள் வரும். ஒரே மருந்து இரண்டு கம்பனிகளின் இரண்டு பெயர்களில் இருக்கலாம். வீட்டார் இரண்டையும் கொடுப்பார்கள். பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி நோயாளி விழுவார். ஆகவே பழையதையும் புதியதையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய், எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று டொக்டரிடமோ பாமசியிலோ கேளுங்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி ஆகிய ஐந்தையும் பார்த்தே தாதிமார் மருந்து கொடுப்பார்கள். பனடோல்கூட வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டைத் தாண்டக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதைவிடக் குறைவு.

பார்க்க வருபவர்களும் பார்த்துக்கொள்பவளும்

நோயாளியைச் சென்று பார்ப்பது நன்மையான காரியம். ஆனால் பார்க்க வருபவர்கள் மணிக்கணக்காக இருந்து, அவர்களுக்குத் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுப்பதிலேயே வீட்டுப் பெண்ணின் நேரம் போனால், நோயாளியைப் புரட்டிவிடுவது யார்? பார்க்கப் போகும்போது சுருக்கமாகப் பேசி, துஆச் செய்துவிட்டு எழும்புங்கள். தடிமன் காய்ச்சல் இருந்தால் போகாமல் இருப்பதே உபகாரம். சமைத்த சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நான் இரண்டு மணித்தியாலம் இருக்கிறேன், நீ போய்ப் படு" என்று சொல்லிப் பாருங்கள். அவள் கண் கலங்கிவிடும்.

அவளையும் ஒரு சொல் கேட்க வேண்டும். ஒருத்தியே இரவும் பகலும் பார்த்தால் அவளுடைய கண் ஓய்ந்துவிடும். ஓய்ந்த கண்ணுக்குச் சிவந்த குதிகாலும் தெரியாது, கூடிய மூச்சும் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒரு தாதியை மூன்று வேளையும் தொடர்ந்து நிறுத்துகிறார்களா? வீட்டில் மாத்திரம் ஏன் அப்படி? இரவில் இரண்டு தடவை வாப்பாவைப் புரட்டிவிடுவதும், கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும், கொப்பியில் எழுதுவதும் ஆண்மக்களாலும் முடிந்த வேலைகளே. இன்றிரவே எல்லோரையும் உட்கார வைத்து, யாருக்கு எந்த நேரம் என்று பிரித்து, அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.